ரிப்போட்டில் இருக்கும் எண் மௌத்தின் திகதி அல்ல



குடல் புற்றுநோய் என்று பேச்சு வந்தால் நம்ம பக்கத்தில் இரண்டு காரியம் நடக்கிறது. "சீ.ஈ.ஏ. எத்தனை?" என்று கேட்டு, அந்த எண்ணை வைத்தே ஆள் தப்புவாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிறோம். இல்லையென்றால் நோயின் பெயரையே வீட்டுக்குள் பூட்டி வைக்கிறோம். இரண்டும் பிழை.

சீ.ஈ.ஏ. என்பது இரத்தத்தில் பார்க்கும் ஒரு புரதம். 1965இல் கனடாவின் மொன்றியல் நகரில் பில் கோல்ட், சாமுவேல் ஃப்ரீட்மன் என்ற இருவர் அதைக் கண்டுபிடித்தார்கள். பொதுவாக மில்லிலீற்றருக்கு 5 நனோகிராமுக்குக் கீழே இருக்கும். ஒப்பரேஷனுக்கு முன்னர் அது கூடியிருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் சிகரட் குடிப்பவருக்கும் ஈரல் நோயாளிக்கும் கூட அது ஏறும். புற்றுநோய் இருந்தும் ஏறாதவர்களும் உண்டு.

ஆகவே மலத்தோடு இரத்தம் போகிறவர் சீ.ஈ.ஏ. மட்டும் பார்த்து "நோர்மல்" என்று ஆறுதல்பட்டு, மூலத்துக்கு மருந்து தேடிக்கொண்டிருப்பது ஆபத்து. அவர் வைத்தியரிடம் போக வேண்டும். தேவையென்றால் கொலனோஸ்கோப்பி செய்ய வேண்டும்.

சீ.ஈ.ஏ.யின் பெரிய பயன் ஒப்பரேஷனுக்குப் பிறகுதான். கட்டியை எடுத்தபின் எண் இறங்க வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்து வரும்போது மறுபடி ஏறினால், ஸ்கேன் செய்து தேடுவார்கள். ஒரு தவணைப் புள்ளியை வைத்துப் பிள்ளையை எடைபோட முடியுமா? அதுபோலத்தான் இதுவும். எனவே ஈச்சிலம்பற்றில் இருந்து வெருகல் ஆற்றைத் தாண்டி மட்டக்களப்புக்கோ, மஹரகமவுக்கோ போகிறவர்கள் பழைய ரிப்போட் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் கொண்டுபோங்கள்.

வெட்டியெடுத்த கட்டியிலும் நான்கு புரதங்களைப் பார்க்கலாம்: எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பீ.எம்.எஸ்.2. டி.என்.ஏ. பிரதியாகும்போது விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்துவது இவற்றின் வேலை. நூற்றுக்கு 15 அளவான குடல் கட்டிகளில் இந்த வேலை நின்றுபோயிருக்கும். நோய் பரவுமுன் பிடிபட்டால் இவர்களின் நிலை பெரும்பாலும் மற்றவர்களைவிட நல்லது. பரவியிருந்தாலும், உடலின் எதிர்ப்புச் சக்தியை எழுப்பும் புதிய மருந்துகள் இவர்களில் பலருக்கு நன்றாக வேலை செய்கின்றன.

இதில் சிலருக்கு அந்தக் குறை பரம்பரையாக வந்தது. அதன் பெயர் லிஞ்ச் சின்ட்ரோம். அப்படியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. தெரிந்தால் அந்தப் பிள்ளைகள் இளவயதிலேயே கொலனோஸ்கோப்பி செய்துவரலாம். கட்டி புற்றாக மாறுமுன் அகற்றிவிடலாம்.

"கலியாணப் பேச்சு குழம்பும்" என்று வாப்பாவின் நோயை மறைக்கும்போது, பிள்ளைகளின் அந்த வாய்ப்பைத்தான் மறைக்கிறோம். 50 வயதுக்கு முன் நோய் வந்தவர்களும், குடும்பத்தில் இன்னொருவருக்குக் குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் இருந்தவர்களும் இந்தப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் வாய் திறந்து கேளுங்கள்.

ஆயுள் அல்லாஹ்வின் கையில். ஒரு எண்ணைப் பார்த்துக் கைவிடுவது தவக்குல் ஆகாது. நோயாளிகள் எல்லோருக்கும் அல்லாஹ் ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.