வண்டி விலை இறங்கும், பழுது விலை இறங்காது

பதிவு கொஞ்சம் நீளம். பழைய கார் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், பெங்களூர் என்று வேலைக்குப் போன பிள்ளைகளில் பலர் இப்போது செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கிறீர்கள். அதிலும் வேகத்துக்குப் பேர் போன கார்கள். சம்பாதிக்கும் வயதில் ஆசைப்படுவது தப்பில்லை. "டீச்சர், விற்கிறவங்களே எக்ஸ்டெண்டட் வாரண்டியும் தர்றாங்க. தைரியமா வாங்கலாம் இல்ல?" என்று போன மாதம் ஒரு மாணவன் போனில் கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன். வாரண்டி இருக்கிறது என்ற தைரியத்தில் எந்த வண்டியையும் வாங்காதீர்கள். பழுது வந்தால் கைக்காசில் சமாளிக்க முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள்.

புதிதாக 40 லட்சத்துக்கு விற்ற ஒரு கார், பத்து வருடம் ஓடியபின் 10 லட்சத்துக்கு வருகிறது என்று வையுங்கள். பார்க்க மலிவுதான். ஆனால் அதன் டர்போ, கியர்பாக்ஸ், பிரேக், சென்சார் எல்லாம் இன்னும் 40 லட்ச ரூபாய் காரின் சாமான்கள்தான். வண்டிக்கு வயதானதால் அவற்றின் விலை கால்பங்காகிவிடாது. பழுதோ வயது ஏற ஏறக் கூடும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

ஒரு உதாரணம். ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ 2013-ல் நம் நாட்டுக்கு வந்தது. சின்னக் கார், நல்ல வேகம், 7 கியர் உள்ள டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். 2022-ல் போலோ தயாரிப்பே இங்கே நின்றுவிட்டது. இன்றும் பழைய கார் சந்தையில் பிள்ளைகள் தேடி வாங்கும் வண்டி. அந்த கியர்பாக்ஸில் மெக்கட்ரானிக் என்று ஒரு பாகம் உண்டு. எண்ணெய் அழுத்தத்தையும் மின்னணுவையும் சேர்த்து கியர் மாற்றும் மூளை அது. அது போனால் புதிதாக மாற்றும் செலவு லட்சக் கணக்கில் போகும். சீனாவில் இந்த டிஎஸ்ஜி பற்றிப் புகார்கள் குவிந்தபோது, 2012-ல் அந்தக் கம்பெனி அங்கே கியர்பாக்ஸ் வாரண்டியை 10 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று நீட்டியது. 2013-ல் சுமார் 3,84,000 கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டியும் வந்தது. செய்தவனே பொறுப்பேற்று நீட்டுவதுதான் வாரண்டி. பழைய கார் விற்கும் இடத்தில் நம்மிடம் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு தருவது பெரும்பாலும் ஒரு ஒப்பந்தம் மட்டுமே. இரண்டுக்கும் பெயர் ஒன்று, குணம் வேறு.

அந்த ஒப்பந்தத்தில் என்ன இருக்கும்? முதல் பக்கத்தில் எதற்கெல்லாம் பொறுப்பு என்று பெரிய எழுத்து. பின்பக்கங்களில் எதற்கெல்லாம் பொறுப்பில்லை என்று சின்ன எழுத்து. கிளட்ச், பிரேக் பேட், டயர் போன்ற தேய்மானச் சாமான்கள் பெரும்பாலும் சேராது. வாங்கும் முன்பே இருந்த குறை சேராது. வெள்ளத்தில் நனைந்தது சேராது. குறித்த கெடுவில் சர்வீஸ் விடாவிட்டால் செல்லாது. எஞ்சினின் கணினியை மாற்றி வேகம் கூட்டியிருந்தால், அதாவது ரீமேப் செய்திருந்தால், செல்லாது. ஒரு தடவைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பும் இருக்கும். சாயம் போகாது என்று புடவைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நனைத்தால் பொறுப்பில்லை என்று அடியில் எழுதினால் ஆரணியில் யாராவது வாங்குவார்களா? காருக்கு மட்டும் ஏன் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம்?

நம் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு இது நடந்தது. பெயரும் ஊரும் கடையும் வேண்டாம். அப்பா அம்மா இருவரும் தறியில் உட்காருபவர்கள். கடன் போட்டு வேகமான பழைய கார் ஒன்று வாங்கினான். வாரண்டிக்கும் பணம் கட்டினான். ஐந்தாம் மாதம் கியர்பாக்ஸ் போனது. முன்பு வைத்திருந்தவர் ரீமேப் செய்திருக்கிறார் என்று சொல்லி வாரண்டியை மறுத்துவிட்டார்கள். அது இவன் செய்த காரியமில்லை, இவனுக்குத் தெரியவும் தெரியாது. அம்மாவின் செயின் வங்கிக்குப் போனது. வண்டி ஓடாவிட்டாலும் மாதத் தவணை ஓடுகிறது. அந்தச் செயினை மீட்க எத்தனை புடவை நெய்ய வேண்டும் என்று தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஏழாம் வகுப்பில் போட்ட கணக்குத்தான். ஒரு வருட வாரண்டி 30,000 ரூபாய், உச்சவரம்பு 1 லட்சம் என்று வையுங்கள். பத்து பேர் வாங்கினால் கடைக்கு வரவு 3 லட்சம். மூன்று பேருக்குப் பெரிய பழுது வந்தாலே அத்தனையும் போய்விடும். எனவே மூன்றுக்கும் குறைவாகத்தான் வரும் என்று கணக்குப் பார்த்துத்தான் அவர்கள் விலை வைக்கிறார்கள். அது சரியென்றால் நமக்கு வாரண்டி நஷ்டம். அது தப்பு, பத்தில் நான்கு வண்டி பழுதாகும் என்றால், அந்த வண்டியை ஏன் வாங்க வேண்டும்?

"பெரிய இழப்பைத் தாங்க முடியாதவர்களுக்குத்தானே டீச்சர் காப்பீடு?" என்று யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உயிருக்கும் உடம்புக்கும் அது முழுக்கப் பொருந்தும், கட்டாயம் எடுங்கள். ஆசைக்கு வாங்கும் காரில் ஒரு பழுதைத் தாங்க முடியாது என்றால், ஒரு படி சின்னக் காராக வாங்குவதே வழி.

எல்லா வாரண்டியும் வீண் என்று சொல்லவில்லை. காரைச் செய்த கம்பெனியே கொடுத்தது, கியர்பாக்ஸும் மின்னணுவும் அதில் அடங்கியது, உங்கள் பெயருக்கு எழுத்தில் மாற்றித் தரப்படுவது என்றால் தாராளமாக எடுங்கள். மற்றபடி அந்தப் பணத்தோடு மாதம் 5,000 ரூபாய் சேர்த்து வங்கியில் ஆர்.டி. போடுங்கள். ஒரு வருடத்தில் பழுதுக்கென்று 90,000 ரூபாய் கையில் இருக்கும். பழுது வராவிட்டால் அது உங்கள் பணம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை:

1. சேசிஸ் எண்ணைக் கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் வரலாற்றைக் கேளுங்கள்.

2. விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கை வைத்து ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். ரீமேப் செய்ததா என்றும் கேளுங்கள்.

3. சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் மறக்காதீர்கள். சீட்டுக்கு அடியில் துருவும் சேற்று வாடையும் இருக்கிறதா பாருங்கள்.

4. 2023 ஏப்ரல் 1 முதல், பதிவு செய்த பழைய வண்டிகளை வாங்கி விற்கும் டீலருக்குப் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரச் சான்று வேண்டும். காட்டச் சொல்லுங்கள்.

5. வாயால் சொன்ன உறுதி எதையும் எழுதி வாங்குங்கள்.

மீறி ஏமாற்றப்பட்டால் சும்மா இருக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பெங்களூரில் வாங்கிய வண்டிக்குத் திருவண்ணாமலையில் மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தனி மனிதரிடம் நேரடியாக வாங்கினால் இந்த வழி பொதுவாகக் கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். பழுது பார்க்கும் உரிமைக்கென்று 2022 டிசம்பரில் ஒரு இணையதளம் தொடங்கினார்கள், வாகனங்களும் அதில் அடங்கும். நல்ல காரியம். அதோடு, எதற்குப் பொறுப்பில்லை என்பதை முதல் பக்கத்தில், தாய்மொழியில், பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று வாரண்டி விற்கும் எல்லோருக்கும் உத்தரவு போட வேண்டும்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். யாராவது வாரண்டித் தாளை நீட்டினால், கையெழுத்துப் போடும் முன் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகச் சேர்ந்து படிப்போம். எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்