அந்த ஃபைலைத் தூக்கிப் போடாதீர்கள்!

வீட்டில் ஒருவர் இறந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு சில பொருள்கள் வெளியே போகும். அவர் படுத்திருந்த பாய், மிச்சமிருக்கும் மாத்திரைகள், கூடவே அந்த ஆஸ்பத்திரி ஃபைல். ‘அதைப் பார்த்தாலே மனசு கனக்குது, எடுத்துப் போட்டுடு’ என்று யாராவது சொல்வார்கள். பழைய பேப்பரோடு அதுவும் போய்விடும்.

இருபது வருடம் கழித்து, மகனோ மகளோ தீராத வயிற்றெரிச்சலுடன் ஒரு டாக்டர் முன்னால் உட்காருவார்கள். ‘குடும்பத்தில் யாருக்காவது கேன்சர் இருந்ததா?’ என்று கேட்பார் டாக்டர். ‘அப்பா வயித்து வலியில இறந்தார் சார். அல்சர்னு சொன்னாங்க’ என்பதுதான் பதிலாக இருக்கும். அது அல்சரா, புற்றுநோயா? இரைப்பையிலா, குடலிலா? அப்போது அவருக்கு என்ன வயது? எதுவும் தெரியாது. எல்லாம் அந்த ஃபைலில் இருந்தது.

இரைப்பைப் புற்றுநோய் விஷயத்தில் இந்த விவரம் ரொம்பவே முக்கியம். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஆகிய நெருங்கிய ரத்த உறவில் ஒருவருக்கு இது வந்திருந்தால், மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு சுமார் இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம். உடனே பயந்துவிடாதீர்கள். அடிப்படை வாய்ப்பே சிறியதுதான். மடங்கு ஏறினாலும் இப்படிப்பட்ட குடும்பங்களில் பெரும்பாலானவர்களுக்கு நோய் வராது. ஆனால், முன்கூட்டியே தெரிந்துகொண்டவர்களால் செய்யக்கூடிய காரியங்கள் இருக்கின்றன.

சாபம் என்று நினைத்த குடும்பம்

நியூசிலாந்தின் டௌரங்கா பகுதியைச் சேர்ந்த ஒரு பெரிய மாவோரி குடும்பம். சுமார் முப்பது ஆண்டுகளில் 25 பேருக்கு மேல் இரைப்பைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்திருந்தது. இறந்தவர்களில் மிக இளையவருக்கு வயது 14. ‘இது சாபம்’ என்ற பேச்சும் இருந்தது. ஆனால், குடும்பத்தார் அதோடு நிற்கவில்லை. யார் யாருடைய பிள்ளை, யார் எந்த வயதில் எதனால் இறந்தார் என்ற வம்சாவளி விவரங்களோடு, 1990-களின் நடுவில் ஒடாகோ பல்கலைக்கழக விஞ்ஞானிகளை அணுகினார்கள்.

பாரி கில்ஃபோர்ட் தலைமையிலான குழு, சி.டி.ஹெச்.1 என்ற மரபணுவில் இருந்த பிழைதான் காரணம் என்று கண்டுபிடித்தது. 1998-ல் ‘நேச்சர்’ இதழில் இது வெளியானது. செங்கற்களைச் சிமென்ட் கலவை பிடித்துவைப்பதுபோல, செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதத்தை உருவாக்குவது இந்த மரபணு. அது பழுதானால் செல்கள் பிடி நழுவி, இரைப்பைச் சுவருக்குள் சிதறிப் பரவும். மேற்பரப்பில் கட்டியாகத் தெரியாததால், எண்டோஸ்கோபியின் கண்ணுக்கும் தப்பிவிடலாம்.

காரணம் தெரிந்த பிறகு ரத்தப் பரிசோதனையில் பிழை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடிந்தது. இல்லாதவர்கள் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். இருந்தவர்களில் பலர், நோய் வரும் முன்பே இரைப்பையை அகற்றிக்கொண்டார்கள். இரைப்பை இல்லாமல் வாழ முடியுமா என்றால், முடியும். உணவுக்குழாயைச் சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிட வேண்டும். வைட்டமின் பி12-ஐ ஆயுள் முழுக்க எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இந்தப் பிழை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவிகித வாய்ப்பு. மகன், மகள் பேதம் கிடையாது. ‘அவளைக் கட்டிக் கொடுத்துட்டோம், அவ வேற வீடு’ என்று நாம் சொல்லலாம். மரபணுவுக்கு அது தெரியாது. போதாக்குறைக்கு, இதே பிழை பெண்களுக்கு ஒரு வகை மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பையும் கூட்டுகிறது. அதனால், அம்மா வழி உறவினர்களின் விவரமும் அப்பா வழி அளவுக்கே முக்கியம்.

ஜீன் மட்டுமா, சமையலறையுமா?

இப்படி நேரடியாக மரபணுப் பிழையால் வருவது மிகவும் குறைவு. இரைப்பைப் புற்றுநோய்களில் 1 முதல் 3 சதவிகிதம்தான். அப்படியானால் மற்ற குடும்பங்களில் ஒருவருக்கு மேல் வருவது ஏன்? ஒரு குடும்பத்தார் ஜீனை மட்டும் பகிர்ந்துகொள்வதில்லை. ஒரே சமையல், ஒரே உப்பு, ஒரே புகைப்பழக்கம், ஒரே கிருமி என்று எல்லாமே பகிர்வுதான்.

கிருமியின் பெயர் ஹெச். பைலோரி. இரைப்பையின் அமிலத்திலும் உயிர் வாழும் பாக்டீரியா. ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் இதை நிரூபிக்க 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே இதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வரிசையில் சேர்த்துவிட்டது.

பெரும்பாலும் சிறுவயதில், வீட்டாரிடமிருந்தே தொற்றும் கிருமி இது. நம் நாட்டில் ஏராளமானவர்களின் வயிற்றில் இருக்கிறது. அவர்களில் மிகச் சிலருக்குத்தான் புற்றுநோய் வரை போகும். ஆனால், குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் இதைச் சும்மா விடக் கூடாது.

ஏன் என்பதற்குத் தென்கொரியாவில் நடந்த ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்களின் பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகளில் இந்தக் கிருமி இருந்தவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கிருமியை ஒழிக்கும் மருந்து. மற்றதற்கு வெற்று மாத்திரை. சுமார் ஒன்பது ஆண்டுகள் கண்காணித்ததில், மருந்து பெற்ற 832 பேரில் 10 பேருக்குப் புற்றுநோய் வந்தது. வெற்று மாத்திரை பெற்ற 844 பேரில் 23 பேருக்கு வந்தது. 2020-ல் வெளியான முடிவு இது. ஒரு வாரம் மாத்திரை போட்டதன் பலன், ஒன்பது வருடம் கழித்துப் பாதிக்கும் குறைவான ஆபத்து! ‘எங்க குடும்ப ராசி’ என்று தலையெழுத்தின் மேல் போட்டுவிடுகிற விஷயத்தில் இவ்வளவு மாற்ற முடிகிறது.

என்ன செய்யலாம்?

* நெருங்கிய ரத்த உறவில் ஒருவருக்கு வந்திருந்தால், வயிறு தொந்தரவு தராவிட்டாலும் குடல், இரைப்பை நிபுணர் ஒருவரைப் பாருங்கள். ஹெச். பைலோரி பரிசோதனை வேண்டுமா, எண்டோஸ்கோபி வேண்டுமா என்பதை உங்கள் வயதையும் குடும்ப விவரத்தையும் வைத்து அவர் முடிவு செய்வார்.

* மூச்சுக்காற்று, மலம், எண்டோஸ்கோபியில் எடுக்கும் சதைத்துணுக்கு ஆகியவற்றில் இந்தக் கிருமியைக் கண்டறியலாம். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதைப் பொதுவாக இரண்டு வாரம் நிறுத்திய பிறகே பரிசோதிப்பார்கள். இல்லாவிட்டால், கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

* சிகிச்சை பொதுவாக இரண்டு வாரம். நாலு நாளில் நன்றாக இருக்கிறது என்று நிறுத்தாதீர்கள். முடித்துக் குறைந்தது நான்கு வாரம் கழித்து, கிருமி ஒழிந்ததா என்று மறுபடி பரிசோதிக்க வேண்டும்.

* ஒரே குடும்பத்தில் இருவருக்கு வந்திருந்தாலோ, ஒருவருக்கு 50 வயதுக்கு முன்பே வந்திருந்தாலோ, இரைப்பை, மார்பகம், பெருங்குடல் என வெவ்வேறு புற்றுநோய்கள் இருந்தாலோ, மரபணு ஆலோசனை தேவையா என்று கேளுங்கள்.

* கருவாடு, உப்புக்கண்டம், ஊறுகாய் எல்லாம் தொட்டுக்கொள்ளும் அளவோடு இருக்கட்டும். சிகரெட், பீடி வேண்டவே வேண்டாம்.

* கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைவது, காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கச் சிரமம், அடிக்கடி வாந்தி, தார் போலக் கறுப்பாக மலம், ரத்தசோகை இருந்தால், மெடிக்கல் ஷாப்பில் கேஸ் மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் இது நெடுங்காலமாக முன்வரிசையில் இருக்கிறது. ஆரம்பத்திலேயே பிடித்தால் குணப்படுத்த முடியும். தாமதமானால் ரொம்பவே கஷ்டம்.

‘வெளியே தெரிஞ்சா…’

இவ்வளவுக்கும் தடையாக நிற்பது ஒரே ஒரு விஷயம். நம் வீடுகளில் புற்றுநோயைப் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. ‘பொண்ணு கேட்டு வர்றவங்க என்ன நினைப்பாங்க’, ‘சம்பந்தி வீட்டுக்குத் தெரிய வேண்டாம்’ என்று மூடி மறைக்கிறோம். ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால், வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியாமல் போகிறதே, அதுதான் பிரச்னை. வரன் தட்டிப்போகாமல் பாதுகாக்க நினைத்த அதே மகள்தான், நாளைக்கு டாக்டர் முன்னால் பதில் தெரியாமல் உட்காருகிறாள்.

அடுத்த கல்யாணத்திலோ காதுகுத்திலோ குடும்பம் கூடும்போது, மூத்த அத்தையிடமோ பெரியம்மாவிடமோ பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள். யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில்? அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம். பழைய ஃபைல் பரணில் கிடந்தால், அதிலிருக்கும் பயாப்சி ரிப்போர்ட்டை செல்போனில் படம் எடுத்து உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பிவையுங்கள். கட்டிக் கொடுத்த அக்கா, தங்கைகளுக்கும் சேர்த்துத்தான்.