அகலக்கால் வேண்டாம்

திட்டக்குடிக் கடைவீதியில் ஒருவருடைய வியாபாரம் இரண்டு வருஷம் செழித்துவிட்டால் போதும். அடுத்த கிளை எங்கே என்று உறவினர் கேட்கிறார்கள், சரக்குப் போடுவோர் கேட்கிறார்கள், கடன் கொடுப்போரும் கேட்கிறார்கள். பெண்ணாடத்தில் ஒன்று, விருத்தாசலத்தில் ஒன்று என்று திறந்தவரே முன்னுக்கு வந்தவர் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. கடையைப் பெருக்குவது குற்றமன்று. ஆனால் பெருக்காமல் நிறுத்திக் கொள்ள வேண்டிய காலமும் உண்டு. அதை அறிவதே வியாபாரிக்கு முதல் சாமர்த்தியம் என்பது நமது அபிப்பிராயம். வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்ற மூன்று அதிகாரங்களும் திருக்குறளில் அடுத்தடுத்து நிற்கின்றன. அவை அரசருக்கு மட்டும் உரியவை அல்ல.

இவ்வட்டாரத்தின் வியாபாரம் வெள்ளாமையைப் பின்பற்றிச் செல்வது. வெலிங்டன் நீர்த்தேக்கம் நிரம்பி, நெல்லும் கரும்பும் விளைந்த வருஷத்தில் மளிகை, ஜவுளி, உரம், இரும்பு ஆகிய எல்லாக் கடைகளிலும் கூட்டம் கூடும். அக்கூட்டம் முழுவதும் தம் திறமையின் பலனே என்று எண்ணுகிறவர் ஏமாறுவார். பெண்ணாடத்துச் சர்க்கரை ஆலையின் கரும்புப் பாக்கி விவசாயிகளுக்கு வராமல் நின்ற காலத்தை இப்பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். குடியானவர் கைக்குப் பணம் வராவிட்டால் கடைக்காரர் நோட்டில் பற்று ஏறும். ஒரு கடை வைத்திருப்பவர் அதை ஒருவாறு தாங்குவார். மூன்று கடைகளுக்கு வாடகையும் சம்பளமும் வட்டியும் கொடுப்பவர் எவ்வாறு தாங்குவார்? ஒரு நல்ல வருஷத்தைக் கண்டு கிளை திறத்தல் கூடாது. ஒரு கெட்ட வருஷத்தையும் கடந்து நின்ற பிறகே அந்த யோசனை வர வேண்டும்.

லாபம் வேறு, பெட்டியில் உள்ள பணம் வேறு. மாதம் 5 லட்ச ரூபாய்க்கு விற்கும் கடையில் நூற்றுக்குப் பத்து நிகர லாபம் என்று வைத்துக் கொள்வோம். கணக்குப்படி லாபம் 50,000 ரூபாய். அம்மாதத்தில் புதிதாக ஏறிய பற்று 60,000 ரூபாயானால், லாபம் சம்பாதித்த மாதத்திலேயே கையிருப்பில் 10,000 ரூபாய் குறைந்து போகிறது. இரண்டாவது கடை திறந்தால் சரக்கும் பற்றும் இரட்டிக்கும், கைம்முதல் இரட்டிக்காது. அந்த இடைவெளியைக் கடன்தான் நிரப்ப வேண்டும்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. 1997-ல் சென்னையில் தொடங்கிய சுபிக்ஷா கடைகள், விலை மலிவால் தமிழ்நாட்டில் நல்ல பெயர் பெற்றன. பிறகு வெளி மாகாணங்களில் வெகு வேகமாகப் பரவி, 2008-ல் ஏறக்குறைய 1,600 கடைகளாயின. 2009-ன் தொடக்கத்தில் சரக்கு வாங்கவும் சம்பளம் கொடுக்கவும் பணமின்றிக் கடைகள் அடைபட்டன. வாங்குவோர் இல்லாமல் அந்த ஸ்தாபனம் வீழவில்லை. வளர்ச்சிக்கு ஈடான ரொக்கம் இல்லாமல் வீழ்ந்தது.

பெரிய கம்பெனி வீழ்ந்தால் பங்கு போட்டவர் நஷ்டம் பங்கோடு நிற்கும். சிறு கடைக்காரர் நிலை அவ்வாறன்று. தனியொருவர் நடத்தும் கடைக்கும் அவருடைய வீட்டுக்கும் நிலத்துக்கும் சட்டம் வேற்றுமை காண்பதில்லை. கடையின் கடனுக்கு இவையும் பொறுப்பு. கூட்டாளிகள் சேர்ந்து நடத்தினால், 1932-ம் வருஷத்திய கூட்டாண்மைச் சட்டத்தின் 25-வது பிரிவுப்படி, கடையின் முழுக் கடனுக்கும் ஒவ்வொரு கூட்டாளியும் தனித்தும் சேர்ந்தும் பொறுப்பாளியாவார். 2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் உச்சவரம்பு 10 லட்ச ரூபாயாக இருந்து, முன்கடனைச் சரிவரத் திருப்பியவர்களுக்கு 2024-ல் 20 லட்சமாக உயர்த்தப்பட்டது. சிறு தொழிலுக்கு இது நல்ல உதவியே. ஆயினும், கிடைக்கக்கூடிய தொகை வேறு, வாங்கத்தக்க தொகை வேறு என்பதை மறத்தலாகாது.

துணிவில்லாமல் தேசம் முன்னேறுமா, 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது அகலக்கால் இல்லையா என்று சிலர் கேட்கலாம். அவர் லாபம் நாடி இறங்கவில்லை. அன்னியரின் கடலாதிக்கத்தை எதிர்த்து இறங்கினார். 1908-ல் சிறை புகுந்தார். 1911-ல் கம்பெனி கலைந்தது. அந்தத் தியாகத்தை நாம் வணங்குகிறோம். ஆனால் தேச விடுதலைக்காகச் சொத்தைப் பணயம் வைப்பது வேறு; வீதியில் பெயர்ப்பலகை பெரிதாகத் தெரிவதற்காகப் பிள்ளைகள் குடியிருக்கும் வீட்டைப் பணயம் வைப்பது வேறு.

அப்படியானால் எப்பொழுதுதான் கிளை திறப்பது? முதலாவது, முதலாளி ஒரு மாதம் ஊரில் இல்லாவிட்டாலும் முதற்கடை குறைவின்றி நடக்க வேண்டும். இரண்டாவது, புதுக் கடையை ஒப்படைக்கத்தக்க ஆள் பழைய கடையிலேயே பழகித் தேறியிருக்க வேண்டும். மூன்றாவது, விற்பனை ஒன்றுமில்லாவிட்டாலும் ஆறு மாதத்து வாடகைக்கும் சம்பளத்துக்கும் தவணைக்கும் கையில் ரொக்கம் வேண்டும். நான்காவது, வெளியில் நிற்கும் பற்று வருஷத்துக்கு வருஷம் குறைந்து வர வேண்டும். இந்த நான்கும் அமைந்தபின் தயங்குவது பிழை. ஒன்று குறைந்தாலும் பொறுத்திருப்பதே விவேகம். பொறுத்திருக்கும் காலத்தில் சும்மா இருக்க வேண்டியதில்லை. பழைய கடனை அடைக்கலாம், கணக்கைச் சீர்படுத்தலாம், நம்பி உழைக்கும் ஆளின் சம்பளத்தை உயர்த்தலாம். இவையும் வளர்ச்சியே.

விருத்தாசலத்துச் செராமிக் தொழிலாளியைக் கேட்டால் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவார். ஈரம் உலராத பாண்டத்தைச் சூளையில் ஏற்றினால் அது வெடிக்கும். சூளை காலியாக இருக்கிறதே என்பதற்காக மண் சீக்கிரம் உலர்ந்துவிடுவதில்லை.

உள்ளூர்க் கடை ஒன்று கடனில் மூழ்கி மூடப்பட்டால் நஷ்டம் ஒரு குடும்பத்தோடு நிற்காது. அங்கே வேலை செய்த நாலு பேர் சென்னைக்கோ திருப்பூருக்கோ மூட்டை கட்டுவார்கள். அந்த இடத்தை வெளியூர்ப் பெருமுதலாளி பிடிப்பார். ஆகவே நமது வியாபாரிகள் கிளைகளின் எண்ணிக்கையால் அல்ல, கடனின்றி நிற்கும் உறுதியால் தம் நிலையை அளந்து கொள்வார்களாக.