லத்தியா, புத்தியா?

ஒருத்தன் பிடிபட்டு விட்டான். மூன்று பேர் தப்பி விட்டார்கள்.

சென்னையில் எந்தப் போலீஸ் நிலையத்துக்கும் இது புதிய கதை அல்ல. சங்கிலிப் பறிப்போ, கடை உடைப்போ, கொலையோ, முதலில் சிக்குவது ஒரு ஆசாமிதான். வண்டி ஓட்டியவன், கத்தியைக் காட்டியவன், நகையை விற்றுக் கொடுத்தவன், பின்னால் இருந்து ஆட்டி வைத்தவன் எல்லாரும் வெளியேதான் உலாவுகிறார்கள். அவர்களுடைய பெயரும் பதுங்கிய இடமும் சிக்கியவன் வாயில் இருக்கிறது.

அந்த வாயை எப்படித் திறப்பது?

"நாலு தட்டு தட்டினா தானா கக்கிடுவான் சார்!"

பஸ் நிறுத்தத்திலும் டீக்கடையிலும் பொதுமக்கள் சொல்லும் தீர்ப்பு இது. போலீசாரில் சிலரும் இதைத்தான் நம்புகிறார்கள். "குளியலறையில் வழுக்கி விழுந்து" மாவுக்கட்டுடன் நிற்கும் ஆசாமியின் படம் வந்தால் கைதட்டி ரசிப்பவர்களும் உண்டு.

கைதட்டுகிறவர்கள் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். அடி தாங்காதவன், எந்தப் பெயரைச் சொன்னால் அடி நிற்குமோ அந்தப் பெயரைச் சொல்வான். அது உண்மையான கூட்டாளியின் பெயராக இருக்கலாம். பழைய பகையாளியின் பெயராகவும் இருக்கலாம். என்றோ ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்த அப்பாவியின் பெயராகவும் இருக்கலாம். ராத்திரி 2 மணிக்கு அந்த அப்பாவி வீட்டுக் கதவு தட்டப்படும்.

கில்லாடி ஏட்டுகள்

அனுபவம் உள்ள போலீசார் வேறு வழியில் போகிறார்கள்.

இரண்டு பேர் சிக்கினால் தனித்தனியாக வைப்பார்கள். கேள்வி கேட்கும் முன்பே செல்போனில் யார் யாரோடு பேசினான், எந்தத் தெருக் கேமராவில் சிக்கினான், நகை எந்த அடகுக்கடைக்குப் போனது என்று விவரம் சேகரித்து விடுவார்கள். ஆசாமிக்கு டீ வரும். அம்மா எப்படி இருக்கிறாள், பிள்ளை என்ன படிக்கிறான் என்று பேச்சு ஓடும். திருட்டைப் பற்றி ஒரு மூச்சு இருக்காது.

பிறகு ஏட்டு மெதுவாக ஆரம்பிப்பார்.

"எட்டு பவுன் சங்கிலி. உனக்கு எவ்வளவுடா குடுத்தான்?"

பதில் இல்லை.

"சும்மா சொல்லு."

"அஞ்சாயிரம் சார்."

"எட்டு பவுனுக்கு அஞ்சாயிரமா? உன்னை நல்லா ஏமாத்திட்டான்டா! நீ இங்கே கொசுக்கடியில கெடக்கிற. அவன் இப்போ எங்கே இருப்பான்?"

அவ்வளவுதான். ஆசாமியின் முகம் மாறும்.

"நான் வண்டிதான் சார் ஓட்னேன். அல்லாத்துக்கும் அவன்தான் சார் இட்டுக்கினு போனான்!"

கூட்டாளிகளின் விசுவாசம் பங்கு பிரிக்கும் வரைதான். தனியே உட்கார வைத்தால் ஒவ்வொருவனுக்கும் ஒரே பயம்: "அவன் முந்திக்கிட்டா மொத்தப் பழியும் நம்ம தலையில விழுமே!" அந்தப் பயத்தையும் வயிற்றெரிச்சலையும் கிளறி விடத் தெரிந்த ஏட்டுக்கு லத்தி தேவைப்படாது.

கையெழுத்து செல்லாது

போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டம் சொன்னது அது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 23-வது பிரிவு சொல்வதும் அதுதான். உதைத்து உதைத்துப் பத்துப் பக்கம் எழுதி வாங்கினாலும் அது வெறும் காகிதம்.

ஆனால், போலீஸ் காவலில் இருப்பவன், "நகையை இந்த மரத்தடியில் புதைத்தேன்" என்று சொல்லி, தோண்டினால் நகை கிடைக்கிறது என்றால், அந்தக் கண்டெடுப்பு சம்பந்தப்பட்ட பேச்சு மட்டும் சாட்சியமாக ஏறும். ஆகவே கெட்டிக்கார அதிகாரி கையெழுத்தைத் தேட மாட்டார். தடயத்தைத் தேடுவார்.

"சொல்லிடு, உன்னை விட்டுடறோம்" என்று ஆசை காட்ட இன்ஸ்பெக்டருக்கும் உரிமை கிடையாது. மன்னிப்புக் கொடுப்பது மாஜிஸ்திரேட்டும் கோர்ட்டும். அதுவும் கொலை, கொள்ளை போன்ற பெரிய குற்றங்களில்தான். மன்னிப்புப் பெற்றவன்தான் அப்ரூவர். தன் பங்கையும் சேர்த்து, உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். ஏற்கனவே ஜாமீனில் இல்லாவிட்டால் வழக்கு முடியும் வரை ஜெயிலில்தான் இருக்க வேண்டும். எதையாவது மறைத்தாலோ பொய் சொன்னாலோ மன்னிப்புப் பறிபோகும். மறுபடி குற்றவாளிக் கூண்டுதான்.

சென்னை கண்ட 2 வழக்குகள்

1988-ல் ஆட்டோ சங்கர் கும்பல் சிக்கியது. கூட்டாளி ஒருவன் அப்ரூவர் ஆனான். வாய்ச் சொல்லோடு வழக்கு நிற்கவில்லை. புதைக்கப்பட்ட பிணங்கள் தோண்டி எடுக்கப்பட்டன. சொல்லும் தடயமும் கைகோத்தன. 1995-ல் சங்கர் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டான்.

இதே நகரில் இன்னொரு வழக்கும் நடந்தது. 1944 நவம்பரில் வேப்பேரியில் பத்திரிகை ஆசிரியர் லட்சுமிகாந்தன் கத்திக்குத்துப்பட்டு மறுநாள் இறந்தார். அதிலும் ஒரு அப்ரூவர் இருந்தான். ஏழிசை மன்னர் தியாகராஜ பாகவதருக்கும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனுக்கும் 1945-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை அப்பீல் போனது. 1947-ல் சென்னை ஐகோர்ட்டு இருவரையும் விடுதலை செய்தது. அதற்குள் 2 வருஷத்துக்கு மேல் சிறையில் கழிந்து விட்டது. பாகவதரின் பழைய புகழ் அப்புறம் திரும்பவே இல்லை.

தன் கழுத்தைக் காப்பாற்றிக் கொள்ளப் பேசுகிறவன் அடுத்தவன் கழுத்தை நீட்டவும் தயங்க மாட்டான். அதனால்தான், அப்ரூவர் சொல்லுக்கு வேறு ஆதாரம் துணை நிற்க வேண்டும் என்று கோர்ட்டுகள் கேட்கின்றன.

உயிர் போன பிறகு

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் நகை காணாமல் போனதாகப் புகார். விசாரணைக்கு அழைத்துப் போகப்பட்ட 27 வயதுக் கோயில் காவலாளி பிணமானார். போலீஸ்காரர்கள் கைதானார்கள். வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. நகை வழக்கு கொலை வழக்கு ஆனது. ஒரு தாய் மகனை இழந்தாள்.

என்கவுன்ட்டரும் அப்படித்தான். சுடப்பட்டுச் செத்தவன் யாரையும் காட்டிக் கொடுக்கப் போவதில்லை. அவனை ஏவி விட்ட பெரிய கை நிம்மதியாகத் தூங்கும்.

எல்லாப் போலீஸ் நிலையங்களிலும் கேமரா வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2020 டிசம்பரில் உத்தரவு போட்டது. அந்தக் கேமரா சுவரில் இருந்தால் மட்டும் போதாது. ஓட வேண்டும். விசாரணை அறையையும் அது பார்க்க வேண்டும். அடிக்காமல் துப்புத் துலக்கிய ஏட்டுக்கு வெகுமதி கொடுத்து, அந்த வித்தையைப் புதிதாக வரும் இளைஞர்களுக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். மாவுக்கட்டைப் பார்த்துக் கைதட்டுவதைப் பொதுமக்களும் நிறுத்த வேண்டும்.

ஒருத்தன் பிடிபட்டு விட்டான். தப்பிய மூன்று பேரும் எங்கோ பதுங்கி ஒன்றை வேண்டிக் கொண்டிருப்பார்கள்.

"ஸ்டேஷன்ல மொதல்ல லத்தி பேசட்டும் சாமி!"

அந்த வேண்டுதல் பலிக்கக் கூடாது.