உபகாரச் சம்பளம் எப்போது வரும்?

ஏழைப் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கென்று நமது ராஜ்யத்தில் வகுக்கப்பட்டிருக்கும் உதவித் திட்டங்களின் பெயர்களை மட்டும் வரிசையாக எழுதினாலும் இப்பத்திரிகையில் ஒரு பத்தி நிரம்பிவிடும். ஆதி திராவிடருக்கு ஒன்று, பழங்குடியினருக்கு ஒன்று, பிற்பட்டவருக்கும் மிகவும் பிற்பட்டவருக்கும் தனித்தனியே, குடும்பத்தில் முதற் பட்டதாரியாகப் போகிறவருக்கு ஒன்று, சர்க்கார் பள்ளியில் படித்த பெண்ணுக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று, இவை போதாவிடில் பாங்கிக் கடன். உத்தரவுகளை மட்டும் படிக்கிறவர், பணமில்லாமையால் படிப்பை இழக்கும் பிள்ளை நம் நாட்டில் இனி இல்லை என்றே முடிவு செய்வார். அவரை ஒரு முறை ஜூன் மாதத்தில் தர்மபுரி பஸ் நிலையத்துக்கு வரும்படி அழைக்கிறோம். ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பையுடன் வண்டி ஏறும் இளைஞர்களில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர்களும் இருக்கிறார்கள். கல்லூரி திறக்கும் காலத்தில் இவர்கள் கூலிக்குப் போவானேன்?

கல்லூரி இல்லாமல் போகிறார்கள் என்று இப்போது சொல்ல முடியாது. 1965-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி சேலத்திலிருந்து தர்மபுரி தனி ஜில்லாவாகப் பிரிந்தது. அதே வருஷத்தில் சர்க்கார் கலைக் கல்லூரியும் இங்கு வந்தது. 2008-ல் வைத்தியக் கல்லூரி ஏற்பட்டது. 2013-ல் செட்டிக்கரையில் எஞ்சினீரிங் கல்லூரி திறந்தார்கள். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம், காரிமங்கலம் ஆகிய ஊர்களிலும் சர்க்கார் கல்லூரிகள் உண்டு. சேலம் பெரியார் சர்வகலாசாலையின் மேற்படிப்பு மையமும் ஜில்லாவிலேயே நடக்கிறது. சர்க்கார் கலைக் கல்லூரியில் செலுத்த வேண்டிய சம்பளமோ மிகச் சொற்பம். அப்படியிருந்தும் 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில், தமிழ் நாட்டின் எழுத்தறிவு 100-க்கு 80-ஐ எட்டியபோது, தர்மபுரி ஜில்லா 68.54-ல் நின்றது. ராஜ்யத்தின் ஜில்லாக்கள் எல்லாவற்றிலும் கடைசி இடம் இதுதான். 2004-ல் கிருஷ்ணகிரி தனி ஜில்லாவானபோது ஓசூரின் தொழிற்சாலைகளும் அதனோடு போய்விட்டன. மானாவாரிக் கேழ்வரகும், பாலக்கோட்டுத் தக்காளியும், பட்டுக்கூடும், புளியுமே இங்கு மிஞ்சியவை. ஒரு வருஷம் மழை தவறினால், அல்லது தக்காளி விலை விழுந்தால், வீட்டில் வயது வந்த பிள்ளையின் கூலி அவசியமாகிவிடுகிறது.

ஆகையால் இந்த ஜில்லாவில் படிப்பின் செலவு கல்லூரிச் சம்பளத்தில் இல்லை. பஸ்ஸிலும், மத்தியானச் சாப்பாட்டிலும், விடுதி வாடகையிலும், புஸ்தகத்திலும், அந்தப் பிள்ளை சம்பாதிக்காமல் விடுகிற கூலியிலும் இருக்கிறது. உபகாரச் சம்பளம் என்ற பெயருக்கே பொருள் இந்தச் செலவுக்கு உதவுவதுதான். ஆதி திராவிட மாணாக்கருக்கான மத்திய சர்க்காரின் உதவித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2021-ம் வருஷத்து விதிகளின்படி, பி.ஏ. போன்ற சாதாரணப் பட்டப் படிப்புப் படிக்கும் மாணாக்கர் வீட்டிலிருந்து போய் வந்தால் வருஷத்துக்கு 3000 ரூபாய், விடுதியில் தங்கினால் 6000 ரூபாய். மாதத்துக்கு முறையே 250-ம் 500-ம் ஆகிறது. நாள் ஒன்றுக்கு எட்டு ரூபாயில் ஒரு வேளைச் சாப்பாடு எந்த ஊரில் கிடைக்கிறதென்று விதி எழுதிய உத்தியோகஸ்தர்கள் தெரிவித்தால், அரூர்ப் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளை அங்கேயே அனுப்பிவிடுவார்கள்.

தொகை சிறிது என்பதைவிடப் பெரிய குறை, அது வரும் காலம். அரூர்ப் பக்கத்துக் கிராமத்தில் கூலி வேலை செய்யும் குடும்பத்துப் பெண் ஒருத்தி கல்லூரியில் சேருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் ஜாதிச் சான்றும் வருமானச் சான்றும் பெற வேண்டும். பாங்கியில் கணக்குத் திறந்து, அதை ஆதார் எண்ணுடன் இணைக்க வேண்டும். மனுவைக் கணினியில் பதிய வேண்டும். கல்லூரி அதைச் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். ஜில்லா அதிகாரி பார்க்க வேண்டும். பின்பு ராஜ்ய சர்க்கார் தன் பங்கைச் செலுத்த வேண்டும். அது செலுத்தப்பட்ட பிறகுதான் மத்திய சர்க்காரின் பங்கு மாணாக்கரின் கணக்குக்கு வரும். நடுவில் எங்கேனும் ஓர் எழுத்துப் பிசகினால் மனு திரும்பிவிடும். கல்லூரி திறந்தது ஜூனிலோ ஜூலையிலோ. பணம் வருவது படிப்பு வருஷம் முடிகிற தறுவாயில். சில சமயம் அதற்கும் அப்பால். இடையிலுள்ள மாதங்களை அந்தக் குடும்பம் கந்து வட்டிக்காரனிடம் கடன் வாங்கித்தான் தள்ளியாக வேண்டும். அதற்கு மனமில்லாத தகப்பன் மகளை நிறுத்திவிடுகிறான். வத்தல்மலையிலிருந்தும் சித்தேரி மலையிலிருந்தும் சான்றுக்காகத் தாலூகாக் கச்சேரிக்கு இறங்கி வருகிறவர்களின் கஷ்டம் இதைவிட அதிகம். ஒரு நடை என்றால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். ஒரே நடையில் காரியம் முடிந்ததென்று சொல்கிறவரை நாம் அபூர்வமாகவே கண்டிருக்கிறோம்.

சர்க்கார்களுக்குள் நடந்த பங்குத் தகராறும் இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம். முன்பு இத்திட்டத்தில் ஒரு வினோதமான கணக்கு இருந்தது. ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று முடியும் வருஷத்தில் ஆன செலவு எவ்வளவோ, அவ்வளவையும் அடுத்து வரும் வருஷங்களில் ராஜ்யங்களே சுமக்க வேண்டும். அதற்கு மேற்பட்டதை மட்டும் மத்திய சர்க்கார் கொடுக்கும். மாணாக்கரை அதிகமாகச் சேர்த்த ராஜ்யம் எதுவோ, அதன் தலையிலேயே பாரம் ஏறியது. 2020-ம் வருஷம் டிசம்பரில் மத்திய மந்திரி சபை இக்கணக்கை மாற்றி, 100-க்கு 60 பங்கு மத்திய சர்க்காரும் 40 பங்கு ராஜ்யங்களும் ஏற்பதென்று முடிவு செய்தது. ஐந்து வருஷத்துக்கு 59,048 கோடி ரூபாய். அதில் மத்திய சர்க்காரின் பங்கு 35,534 கோடி. இது நல்ல முடிவு என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால், ஒரு பங்கு வந்த பிறகே மறு பங்கு வரும் என்ற விதி இருக்கும் வரையில், இரண்டு சர்க்கார்களின் கணக்கு வழக்கு முடியும்வரை காத்திருக்கும் கஷ்டம் மாணாக்கருடையதே.

இத்திட்டம் 1944-ல் ஆரம்பமாயிற்று. அப்போது டாக்டர் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாக சபையில் அங்கத்தினராக இருந்தார். உபகாரச் சம்பளத்தின் அருமையையும் அது நின்றுபோவதன் கொடுமையையும் அவர் தம் வாழ்விலேயே கண்டவர். பரோடா மகாராஜா 1913-ல் அளித்த உதவியைக் கொண்டுதான் அவர் அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையில் படித்தார். மாதம் பதினொன்றரை பவுன், மூன்று வருஷத்துக்கு. பின்பு லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது உதவிக் காலம் முடிந்துவிட்டபடியால், 1917-ல் படிப்பைப் பாதியில் விட்டுத் தாயகம் திரும்ப நேர்ந்தது. சம்பாதித்துச் சேர்த்ததும் பிறரிடம் பெற்றதுமாகப் பணம் திரட்டிக்கொண்டு மறுபடியும் அவர் லண்டன் போனது 1920-ல். அத்தகைய மேதைக்கே மூன்று வருஷம் வீணாயிற்று. பென்னாகரத்துப் பையன் ஒருவன் ஒரு வருஷம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டால், கல்லூரிக்குத் திரும்பி வருவான் என்று எதிர்பார்க்கலாமா?

அதே 1944-ல் அமெரிக்காவிலும் ஒரு சட்டம் செய்தார்கள். யுத்தத்திலிருந்து திரும்பும் சிப்பாய்களின் படிப்புக்காக ஏற்பட்ட சட்டம் அது. கல்லூரிச் சம்பளத்தை வருஷத்துக்கு 500 டாலர் வரை சர்க்காரே நேராகக் கல்லூரிக்குச் செலுத்தியது. படிப்பவனின் கைச்செலவுக்கு மாதந்தோறும் 50 டாலர், குடும்பஸ்தனாயின் 75. சுமார் 22 லட்சம் பேர் இதைக் கொண்டு கல்லூரியில் படித்தார்கள். செல்வ நாடு ஆகையால் அவர்களால் முடிந்தது என்பார்கள். தொகையின் அளவுக்கு அது சமாதானமாகலாம். கல்லூரியின் பணம் கல்லூரிக்கும், சாப்பாட்டுப் பணம் மாதந்தோறும் மாணாக்கனுக்கும் போக வேண்டும் என்ற ஏற்பாட்டுக்குச் செல்வம் எதற்கு?

நம் ராஜ்யத்திலேயே அதற்கு அத்தாட்சி இருக்கிறது. 2022-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி ‘புதுமைப் பெண்’ திட்டம் தொடங்கப்பட்டது. சர்க்கார் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரியில் சேர்ந்த பெண்ணுக்கு, படிப்பு முடியும் வரை மாதம் 1000 ரூபாய். வேறு உபகாரச் சம்பளம் பெற்றாலும் இது உண்டு. குடும்ப வருமானத்துக்கு வரம்பு கிடையாது. ஆகவே வருமானச் சான்றுக்காகக் கச்சேரி வாசலில் நிற்க வேண்டியதில்லை. முன்பு 1989-ல், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஏழைப் பெண்களின் கலியாணத்துக்கு உதவி செய்யும் திட்டமாக இருந்து, பிற்காலத்தில் தாலித் தங்கமும் சேர்ந்து நடந்ததையே இவ்வாறு கல்லூரிப் படிப்புக்கென மாற்றினார்கள். பையன்களுக்கு இதே முறையில் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது.

ஆயிரம் ரூபாய் பெரிய தொகையல்ல. ஆனால் தர்மபுரி ஜில்லாவில் அதன் மதிப்பை வேறு விதமாக அளக்க வேண்டும். வேண்டாமென்று விடப்பட்ட பெண் மகவை ஏற்றுக்கொள்ளச் சர்க்கார் தொட்டில் வைக்க வேண்டியிருந்த ஜில்லா இது. சேலத்தில் 1992-ல் ஏற்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் இங்கும் வந்தது. அந்த வருஷத்தில் பிறந்த பெண்ணுக்கு, ‘புதுமைப் பெண்’ தொடங்கிய வருஷத்தில் வயது 21. இத்தகைய சீமையில், பன்னிரண்டாவது முடித்த மகளுக்கு வரன் பார்ப்பதா, கல்லூரிக்கு அனுப்புவதா என்று வீட்டில் பேச்சு எழும்போது, மாதந்தோறும் அவள் பெயரில் ஒரு தொகை வருகிறதென்பது அவள் பக்கம் பேசுவதற்கு ஒரு வாயாகிறது. வருஷக் கடைசியில் மொத்தமாக வரும் 3000 ரூபாய்க்கு அந்தச் சக்தி இல்லை.

மற்றொரு நல்ல உதாரணமும் உண்டு. தொழிற் படிப்புகளில் சர்க்கார் பள்ளி மாணாக்கருக்கு 100-க்கு ஏழரை இடம் ஒதுக்கும் சட்டம் 2021-ல் வந்தபோது, அவ்விடங்களில் சேருகிறவர்களின் கல்லூரிச் சம்பளத்தையும் விடுதிச் செலவையும் சர்க்காரே ஏற்பதென்று தீர்மானித்தார்கள். முதலில் நீ கட்டு, பின்னால் தருகிறோம் என்ற பேச்சே அதில் இல்லை. முதற் பட்டதாரிச் சலுகையைப் பற்றி இவ்வளவு மனமாரப் பாராட்ட இயலவில்லை. 2010-ல் ஏற்பட்ட அந்தச் சலுகை நல்ல நோக்கமுடையது. ஆயினும் குடும்பத்தில் அண்ணன் பட்டம் வாங்கிவிட்டால் தங்கை முதற் பட்டதாரி ஆகமாட்டாள். யாரை முதலில் படிக்க வைப்பார்கள் என்பது தர்மபுரியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அண்ணன் பட்டம் பெற்றதனால் வீட்டில் வறுமை நீங்கிவிட்டது என்று சர்க்கார் கருதினால், பட்டதாரிகளுக்கு வேலை எவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது என்பதை அவர்கள் விசாரிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

பாங்கிக் கடனைப் பற்றிச் சில வார்த்தைகள். இந்தியப் பாங்கிகள் சங்கம் 2001-ல் வகுத்த மாதிரித் திட்டத்தின்படி 4 லட்சம் ரூபாய் வரையிலான படிப்புக் கடனுக்கு ஈடு கேட்கலாகாது. 2009 முதல் வருமானம் குறைந்த குடும்பத்தாருக்கு, படிக்கும் காலத்து வட்டியை மத்திய சர்க்கார் ஏற்கும் ஏற்பாடும் வந்தது. எஞ்சினீரிங்கும் வைத்தியமும் படிப்பவர்களுக்கு இவை உதவியிருக்கின்றன, மறுக்கவில்லை. 2024 நவம்பரில் மத்திய மந்திரி சபை அங்கீகரித்த வித்யாலட்சுமித் திட்டமோ, தேசியத் தர வரிசையில் மேலிடத்திலுள்ள 860 கலாசாலைகளை உத்தேசித்தது. வீட்டிலிருந்து பஸ் ஏறிப் பக்கத்து ஊர்க் கலைக் கல்லூரிக்குப் போகும் பிள்ளையை மனத்தில் வைத்து அதை வகுத்தார்கள் என்று தோன்றவில்லை. அப்பிள்ளைக்கு லட்சக் கணக்கில் கடனும் தேவையில்லை. அதற்குத் தேவை மாதச் செலவு. பி.ஏ. முடித்தவுடன் தவணை கட்டும்படியான வேலை அதற்கு நிச்சயமும் இல்லை.

வாங்குகிறவர்கள் சரியாகப் படிக்கிறார்களா, வரிப்பணம் வீணாகிறதே என்று நகரத்து நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். பஞ்சாயத்துக் கடையில் சோப்பு வாங்கும் கூலிக்காரனும் அந்த வரியைச் செலுத்துகிறான் என்பதை அவர்களுக்கு ஞாபகப்படுத்துகிறோம். வகுப்புக்கு வருகிறார்களா என்று பார்ப்பது கல்லூரியின் கடமை; தாராளமாகப் பார்க்கட்டும். பணம் வராமலே வகுப்புக்கு வரவேண்டும் என்று மட்டும் கேட்கலாகாது.

செய்ய வேண்டிய காரியம் கடினமானதன்று. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போதே, பள்ளிக்கூடத்திலேயே, ஜாதிச் சான்றையும் வருமானச் சான்றையும் பாங்கிக் கணக்கையும் முடித்துவிடலாம். ரெவினியூ அதிகாரிகள் பள்ளிக்கு வருவது, முந்நூறு பெற்றோர்கள் தாலூகாக் கச்சேரிக்கு அலைவதைவிடச் சுலபம். சித்தேரிக்கும் வத்தல்மலைக்கும் அவர்களே மலையேற வேண்டும். கல்லூரியில் பெயர் பதிந்த முதல் மாதமே ராஜ்ய சர்க்கார் முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுத்துவிட்டு, மத்திய சர்க்காரின் பங்கைப் பின்னால் தானே வசூல் செய்துகொள்ளட்டும். இரண்டு சர்க்கார்களும் ஒருவருக்கொருவர் கடன்காரராக இருந்தால் நாடு மூழ்கிவிடாது. 3000 என்றும் 6000 என்றும் உள்ள தொகைகளைச் சாப்பாட்டு விலையோடு ஒப்பிட்டு உயர்த்தி, பத்து மாதத் தவணையாக்க வேண்டும். முதற் பட்டதாரி விதியில் வீட்டின் முதற் பெண் பட்டதாரியையும் சேர்த்துக்கொள்ள ஓர் உத்தரவு போதும். வருகிற பரீட்சைக்கு முன்பே தர்மபுரி ஜில்லாவில் இதைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கும்படி ராஜ்ய சர்க்காரை நாம் கேட்டுக்கொள்கிறோம். ஜில்லா கலெக்டரின் கையிலுள்ள சான்றிதழ் வேலைக்கு மட்டுமாவது சென்னையிலிருந்து வரும் உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.