தொழிற்கல்வியின் நோக்கத்தை எழுதுபவர் யார்?

தொழிற்கல்வியைப் போற்றிப் பேசாத அரசியல்வாதி இந்நாட்டில் இல்லை. கட்டடங்கள் எழுகின்றன, இயந்திரங்கள் வந்திறங்குகின்றன, மங்கல விளக்குகள் ஏற்றப்படுகின்றன. ஆயின் அக்கட்டடங்களுள் கற்பவர் ஈற்றில் எதனைச் செய்ய வல்லவராதல் வேண்டும் என்று வினவுவார் அரியர். கலைத்திட்டம் என்றதும் பாடத் தலைப்புகளின் நிரல் என்றே பலரும் எண்ணுகின்றனர். நோக்கம் வரையறுக்கப்படாத நிரல், பரிகாரம் கூறாத சட்டத்தை ஒக்கும், தவறினாலும் கேட்பாரில்லை.

1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழு அமைந்தது. அதன்பின் வந்த தேசிய தொழில் தகைமைச் சட்டகம் ஏழு மட்டங்களை வகுத்தது. முதல் நான்கும் சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். இதன் நன்மையை நாம் மறைக்கப்போவதில்லை. வகுப்பில் எத்தனை மணித்தியாலம் இருந்தார் என்பதை விடுத்து, என்ன செய்யத் தெரியும் என்பதையே அது கேட்கிறது. இருபதாண்டு காலம் தண்ணீர்ப் பம்பி திருத்தியவர், வகுப்புக்கே செல்லாதவராயினும், தம் கைத்திறனை மதிப்பீட்டாளர் முன் காட்டித் தகைமை பெறலாம். எம் வாசகருள் எத்தனை பேர் தம் ஊர் மேசனுக்கும் மெக்கானிக்குக்கும் இதை எடுத்துரைத்திருப்பர்?

குறை வேறிடத்தில் உள்ளது. செய்ய வேண்டியது எது என்பதை வகுக்கும்போது தொழில் வழங்குவோரின் தேவையே அளவுகோலாகிறது. விடுதிக்கும் வேலைத்தளத்துக்கும் அது பொருந்தும். வலிகாமத்தில் வெங்காயம் நடுபவருக்குத் தொழில் வழங்குபவர் யார்? அவருடைய தேவையை எந்தத் தொழிற்சாலை எடுத்துரைக்கும்?

2021ஆம் ஆண்டு நடந்ததை நினைவூட்டுகிறோம். இரசாயன உர இறக்குமதியை அரசு திடீரெனத் தடை செய்தது. பயிர் அழிந்து கமக்காரர் வீதிக்கு வந்தபின், நவம்பரில் தடையைத் தளர்த்தியது. இடைப்பட்ட மாதங்களில் சேதனப் பசளையை இடுங்கள் என்றனர். ஒரு பரப்புக்கு எவ்வளவு? அதிலுள்ள நைதரசன் எத்துணை? மறுபுறம், யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாறையின் நிலத்தடி நீரில் நைத்திரேற்று மிகுவதற்கு, அளவறியாது இட்ட உரமும் ஒரு காரணமன்றோ? தன் மண்ணுக்கும் தன் கிணற்றுக்கும் ஏற்ற அளவைத் தானே தீர்மானிக்க வல்லவராதல்: கமக்காரருக்கான கல்வியின் நோக்கம் இவ்வாறு எழுதப்பட்டிருக்குமாயின், தடை வந்த நாளிலும் அது நீங்கிய நாளிலும் அவர் வழியறியாது நின்றிருக்க மாட்டார்.

முதியோர் கல்வியும் அவ்வாறே. எம் மக்களுக்கு எழுத்தறிவித்தலே அதன் வேலை என்று கருதும் காலம் கடந்துவிட்டது. நீதிமன்றப் படியேறுவோர் அறிவர்: கையொப்பமிடத் தெரிந்தவர் பலர்; எதற்குக் கையொப்பமிட்டோம் என அறிந்தவர் சிலர். போருக்குப் பின் நுண்கடனில் சிக்கிய எம் பெண்கள் எழுத்தறியாதவரல்லர். வாராந்தத் தவணையை ஆண்டு வட்டியாகக் கணக்கிட அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை, அவ்வளவுதான்.

1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தம், ஆரம்பப் பாடசாலைப் பாடத்திட்டத்தையும் இடைநிலையின் சில பாடங்களையும், தேசிய கல்வி நிறுவகத்தின் ஒப்புதலுடன், மாகாணத்துக்கேற்ப மாற்ற இடமளிக்கிறது. தொழில் தகைமை நியமங்களோ நாடு முழுவதற்கும் ஒன்றே. மகனின் பாடத்தில் மாகாணத்துக்கு உள்ள உரிமை தந்தையின் பாடத்தில் ஏன் இருத்தலாகாது?

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற கமக்கார அமைப்புகள் ஊர்தோறும் உள. அவை வெறும் கூட்டங்களல்ல. சட்டம் ஏற்ற அமைப்புகள். நியமம் எழுதும் மேசையில் அவற்றுக்கும் ஓர் ஆசனம் வேண்டும் என்று கோருகிறோம். அழைப்பு வரும்வரை காத்திராது, அடுத்த காலபோகத்துக்கு முன்னரே ஒவ்வோர் அமைப்பும் கூடி, தம் உறுப்பினர் செய்ய அறிந்திருக்க வேண்டியவை இவையென ஒரு தாளில் எழுதி ஆணைக்குழுவுக்கு அனுப்புக. தமிழிலேயே எழுதுக. சட்டமறிந்த எம்மவர் அத்தாளை ஒழுங்குபடுத்திக் கொடுக்க ஆயத்தமாக உள்ளனர்.