பேய்ப் படம் நீங்கலாக

பேய்ப் படம் நீங்கலாக உனக்குப் பிடித்த படம் எது என்று எங்களில் யாரையாவது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டுப் பாருங்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டே பட்டியல் வாசிப்போம். ‘உதிரிப்பூக்கள்’, ‘முள்ளும் மலரும்’, ‘நாயகன்’, ‘மகாநதி’, ‘அன்பே சிவம்’. கொஞ்சம் வாசிப்பு உள்ளவர் என்றால் ‘பதேர் பாஞ்சாலி’. இன்னும் கொஞ்சம் கூடிவிட்டால் ஈரானியப் படம் ஒன்று. பேய்ப் படத்தை ஏன் ஒதுக்குகிறோம் என்றால், அதில் பேசித் தீர்க்க ஒன்றும் பாக்கியில்லை. ‘சந்திரமுகி’, ‘காஞ்சனா’, ‘அரண்மனை’ எல்லாவற்றையும் பிள்ளைகுட்டிகளோடு கொட்டகையில் போய்ப் பார்த்தோம், பயந்தோம், சிரித்தோம், காசும் கொடுத்தோம். கணக்கு நேராகிவிட்டது. பிடித்த படம், உயிரான படம் என்று நாங்கள் நெஞ்சில் கைவைத்துச் சொல்கிற மற்ற படங்களோடுதான் கணக்கு இடிக்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துச் சினிமா ரசிகர்களாகிய நாங்கள் அந்தக் கணக்கை நாலு பேர் முன்னால் போட்டுப் பார்க்க வேண்டிய நேரம் இது.

சினிமா தெரியாத ஊர் என்று தப்பித்துக்கொள்ளவும் எங்களுக்கு வழியில்லை. 1977-ல் எம்.ஜி.ஆர். முதல்முறையாக முதலமைச்சரானது அருப்புக்கோட்டைத் தொகுதியில் ஜெயித்துத்தான். தறியை நிறுத்திவிட்டு இரண்டாம் ஆட்டத்துக்கு ஓடிய நெசவாளர்களும், கரிமூட்டத்தில் இருந்து அப்படியே வந்து தரை டிக்கெட்டில் உட்கார்ந்த சம்சாரிகளும்தான் அந்த வாக்காளர்கள். அதற்கும் முன்னால், 1931-ல் தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ வந்தபோது அதற்குப் பாட்டு எழுதிய மதுரகவி பாஸ்கரதாஸ் எங்களுக்குப் பக்கத்து நாகலாபுரத்துக்காரர். பின்னாளில் உலக சினிமா பற்றித் தமிழில் விடாமல் எழுதிவரும் எஸ். ராமகிருஷ்ணன் மல்லாங்கிணற்றுக்காரர். நடிகரை முதலமைச்சராக்கிய ஊர், பாட்டாசிரியரைக் கொடுத்த மண், சினிமாவைப் படிக்கச் சொல்லிக் கொடுத்த எழுத்தாளரின் சொந்த வட்டாரம். இவ்வளவையும் வைத்துக்கொண்டு நாங்கள் செய்தது என்ன?

கிட்டத்தில் நடந்ததில் இருந்தே ஆரம்பிக்கலாம். 2024 ஆகஸ்ட் 15-ல் ‘டிமான்டி காலனி 2’ வந்தது. அடுத்த வாரம் 23-ஆம் தேதி பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ வந்தது. முதலாவது பேய்ப் படம். இரண்டாவது, பேய் பிடித்துவிட்டது, வசியம் வைத்துவிட்டார்கள் என்று ஒரு பெண்ணைச் சாமியாடியிடம் கூட்டிக்கொண்டு போகும் குடும்பத்தின் கதை. மீனா என்ற அந்தப் பெண்ணுக்குப் பேயும் இல்லை, வசியமும் இல்லை. அவள் மனதில் வேறொருவன் இருக்கிறான், அதனால் வாயைத் திறக்காமல் ஆட்டோவில் உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான். போகிற வழியில் ஒரு காளை நடுரோட்டை மறித்துக்கொண்டு நிற்கிறது. அதுவரை பைக்கை முறுக்கிக்கொண்டு வந்த ஆம்பளைகள் அத்தனை பேரும் கையைப் பிசைகிறார்கள். சின்னப் பிள்ளை ஒன்று வந்து காளையை ஓரமாக ஓட்டிக்கொண்டு போகிறது. பின்னணி இசை என்று ஒரு துளி கிடையாது. கோடாங்கிச் சத்தமும் பேயோட்டுகிற பூசாரியும் பழக்கமான எங்களுக்கு இதைவிட நெருக்கமான படம் வேறு எது? ஆனாலும் முந்தின வாரம் பொய்ப் பேயைப் பார்க்கக் குடும்பத்தோடு போன நாங்கள், எங்கள் வீட்டு நிஜத்தைப் பார்க்கப் போகவில்லை. “பாட்டே இல்லையாம்ல, முடிவும் புரியலையாம்” என்று பார்க்காமலே விமர்சனம் சொன்னோம். மதுரைக்குப் போக வேண்டுமே என்று சாக்கும் சொன்னோம். பெரிய நடிகர் படம் என்றால் அதே மதுரைக்கு விடியக்காலைக் காட்சிக்கு வண்டி பிடித்துப் போனவர்கள் நாங்கள்.

அதே வினோத்ராஜின் முதல் படம் ‘கூழாங்கல்’ 2021-ல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. இந்தியாவின் சார்பில் ஆஸ்கர் போட்டிக்கும் அதைத்தான் அனுப்பினார்கள். மேலூர்ப் பக்கம் எடுத்த படம் என்றாலும் அதில் அடிக்கிற வெயில் எங்கள் வெயில். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன மனைவியை இழுத்து வரப் பள்ளிக்கூடத்துப் பையனையும் கூட்டிக்கொண்டு ஒரு குடிகாரத் தகப்பன் போகிறான். அந்த ஒருநாள்தான் கதை. கடைசியில் ஊற்றுக்குழியில் பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் அள்ளுவதைக் கேமரா அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும். குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையில் தண்ணீர் மொண்ட அம்மாக்களின் பிள்ளைகள் அந்தக் காட்சியில் என்ன செய்தோம் தெரியுமா? 2023-ல் படம் செல்போனுக்கே வந்து சேர்ந்தபோது, “ஸ்லோவா இருக்கு” என்று விரலால் தள்ளிவிட்டோம். 1981-ல் கோமல் சுவாமிநாதனின் நாடகத்தை பாலசந்தர் ‘தண்ணீர் தண்ணீர்’ என்று எடுத்தார். தேசிய விருது வாங்கிய அந்தப் படத்தின் அத்திப்பட்டி கோவில்பட்டிச் சீமையில் இருப்பதாகக் கதை. அப்போது கோட்டையில் இருந்தவர் நாலு வருடம் முன்பு நாங்கள் ஜெயிக்கவைத்து அனுப்பிய அதே எம்.ஜி.ஆர். அவர் படத்துக்கு அடித்த விசிலைக் கொஞ்சம் நிறுத்தி, இந்தப் படம் கேட்ட கேள்வியை எங்கள் ஊர்க் கண்மாய்க்காக நாங்களும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

‘வெயில்’ பற்றிச் சொல்லாமல் முடியாது. 2006-ல் வசந்தபாலன் எடுத்தது. விருதுநகரே கதைக்களம். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு எம்.ஜி.ஆர். படம் பார்க்கப் போன பையனை, கறிக்கடை வைத்திருக்கும் அப்பன் அம்மணமாகக் கட்டி வெயிலில் போடுகிறான். ஓடிப்போன பையனுக்கு அடைக்கலம் கொடுப்பது ஒரு சினிமாக் கொட்டகை. அவன் அங்கேயே ஆப்பரேட்டர் ஆகிறான். கொட்டகையும் போன பிறகு வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்புகிறான். தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும் கேன்ஸ் திரையிடலையும் அந்தப் படம் பார்த்தது. படத்தைப் பார்த்து அழுத நாங்கள், பசுபதி ஏற்ற முருகேசனைப் போன்ற ஆப்பரேட்டர்கள் எங்கள் தெருவிலேயே இருந்ததை நினைத்துப் பார்க்கவில்லை. கார்பன் குச்சி வெளிச்சத்தில் கண் பழுத்தவர்கள், படப்பெட்டி வரும்வரை பஸ் ஸ்டாண்டில் காத்துக் கிடந்தவர்கள். கொட்டகைகள் ஒவ்வொன்றாகக் கல்யாண மண்டபமும் குடோனும் ஆனபோது அவர்கள் எங்கே போனார்கள் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. அவர்கள் வாய்மொழியை ஒரு செல்போனில்கூடப் பதிவு செய்து வைக்கவில்லை.

2008-ல் வந்த ‘பூ’ படத்துக்குக் கதை ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’. சாத்தூர்ப் பக்கத்து நென்மேனி மேட்டுப்பட்டிக்காரர், மதுரகவி பாஸ்கரதாஸின் பேரன். தாத்தா முதல் பேசும்படத்துக்குப் பாட்டு எழுதினார், பேரன் கதை படமாயிற்று. நடுவே ஒரு முழு சினிமா வரலாறு எங்கள் கரிசல் வழியாக நடந்து போயிருக்கிறது. எங்களுக்கு மாரியாக வந்த பார்வதியைத் தெரியும், பாட்டைத் தெரியும், கதைக்காரரைத் தெரியாது. கி. ராஜநாராயணனின் ‘கிடை’யை அம்ஷன் குமார் 2003-ல் ‘ஒருத்தி’ என்று படமாக்கினார். கி.ரா. 2021-ல் காலமானபோது இரங்கல் போஸ்டர் ஒட்டினோம், அந்தப் படத்தை ஊரில் ஒருமுறை போட்டுப் பார்ப்போம் என்று தோன்றவில்லை.

எல்லாவற்றையும்விடக் கனமான பாக்கி ஒன்று உண்டு. அதன் பெயர் ‘கருவேலம்பூக்கள்’. எழுத்தாளர் பூமணியே இயக்கியது, என்.எஃப்.டி.சி. தயாரிப்பு, நாசரும் ராதிகாவும் நடித்தது. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும் கரிசல்காட்டுப் பிள்ளைகளைப் பற்றிய படம். தீப்பெட்டி ஆபீஸ் வேன் விடியுமுன்னே ஹாரன் அடித்துக்கொண்டு ஊருக்குள் வந்ததும், தூக்கக் கலக்கத்தில் தூக்குச்சட்டியோடு ஏறிய பிள்ளைகளும் எங்கள் தலைமுறைக்குக் கதையில்லை. 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டித் தொழிலைத் தடைப் பட்டியலில் வைத்தது. வீட்டில் குடும்பத்தோடு செய்கிற வேலைக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. அந்த விலக்கில் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டியவர்கள் எங்கள் அக்கா தங்கச்சிகள். பசைக் கிண்ணியும் பழந்துணியும் முன்னால் இருக்கும், ஒட்டிய பெட்டிகள் வெயிலில் காயும், விரல் நுனியில் காய்ந்த பசை உரிந்துகொண்டே இருக்கும். அந்தக் கூலியில் தம்பிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குக் காசு வந்தது. நாங்கள் ரசிகர்கள் ஆனது அந்தக் காசில். அவர்களைப் பற்றி எடுத்த அந்த ஒரு படத்தை எங்களில் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பட்டியல் போடுகிற ராத்திரிகளில் அந்தப் பெயர் எங்கள் வாயில் வந்ததே இல்லை. அக்காமார்களிடம், உனக்குப் பிடித்த படம் எது என்று நாங்கள் கேட்டதும் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எங்கள் ரசனையில் தெரு உண்டு. ‘அசுரன்’ பூமணியின் ‘வெக்கை’யில் இருந்து வந்தது என்று தெரிவதற்கு முன்னால் அது யாருடைய படம் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. ‘பரியேறும் பெருமாள்’, ‘கர்ணன்’ எல்லாவற்றுக்கும் இதே கதிதான். இது யாருடைய படம் என்று முதலில் கேட்டோம், பிடித்திருக்கிறதா இல்லையா என்பதைப் பிறகு முடிவு செய்தோம். ஒரு தெரு கைதட்டினால் மறு தெரு டீக்கடையில் வாயை மூடிக்கொண்டது. எங்கள் மண்ணைக் காட்டுகிறேன் என்று அரிவாளை மட்டும் காட்டிய படங்களுக்கு மாத்திரம் இரண்டு தெருவும் சேர்ந்து விசில் அடித்தோம். பேய்ப் படத்துக்குச் சாதி இல்லை. அதனால்தான் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க முடிந்ததோ என்னவோ.

திருச்சுழிக்காரர்களுக்குத் தனியாக ஒரு பாக்கி இருக்கிறது. 1879-ல் அந்த ஊரில் பிறந்த வேங்கடராமன் திருவண்ணாமலை போய் ரமண மகரிஷி ஆனார். 1938-ல் அவரைப் பார்த்துவிட்டுப் போன சாமர்செட் மாம், ‘தி ரேசர்ஸ் எட்ஜ்’ நாவலில் வரும் இந்திய ஞானியை அவர் சாயலில் எழுதினார் என்பார்கள். 1946-ல் டைரோன் பவர் நடித்து அது ஹாலிவுட் படமாயிற்று, ஆன் பாக்ஸ்டருக்குத் துணை நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது. 1984-ல் பில் மர்ரே அதை மறுபடி எடுக்க ஆசைப்பட்டார். கொலம்பியா நிறுவனம் அதற்குப் பணம் போட்டது எதற்காகத் தெரியுமா? ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ என்ற பேய் விரட்டும் நகைச்சுவைப் படத்தில் அவர் நடிக்கச் சம்மதித்ததற்காக. பேய்ப் படம் உலகமெங்கும் ஓடிக் கொட்டியது, ஞானியைத் தேடிய படம் படுத்துவிட்டது. ஆக, பேய் ஜெயிப்பது எங்கள் ஊரில் மட்டும் நடக்கிற கூத்தில்லை. ஆனால் ரமணர் பிறந்த வீட்டுக்கு வழி கேட்டு வரும் வெளிநாட்டுக்காரர்களைத் தினம் பார்க்கிற எங்களுக்கு, பூமிநாதர் கோயில் வாசலில் ஒரு சாயங்காலம் திரை கட்டி அந்த 1946 படத்தைப் போட்டுப் பார்ப்போம் என்ற யோசனை வராமல் போனதற்கு ஹாலிவுட் பொறுப்பாகாது.

சமாதானம் சொல்ல எங்களிடம் நிறைய இருக்கிறது. டிக்கெட் விலை கூடிவிட்டது. சின்னப் படத்துக்கு ஊர்க் கொட்டகையில் காட்சி கொடுப்பதில்லை. கொடுத்தாலும் பகல் காட்சி. எல்லாம் உண்மைதான். ஆனால் பத்துப் பேர் சேர்ந்து போய், இந்தப் படத்தைப் போடுங்கள், இத்தனை டிக்கெட்டுக்கு நாங்கள் பொறுப்பு என்று கொட்டகைக்காரரிடம் ஒருநாளாவது கேட்டோமா? எங்களுக்குக் கட்அவுட் வைக்கத் தெரியும், பால் ஊற்றத் தெரியும், சங்கம் வைத்துத் தலைவர் பதவிக்கு அடித்துக்கொள்ளத் தெரியும். திருட்டு விசிடியில் இருந்து டெலிகிராம் வரைக்கும் வந்த அத்தனை குறுக்குவழியும் தெரியும். ஒரு படம் உயிரோடு இருக்க அதைப் பார்க்கிறவன் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுதான் எங்களுக்குத் தெரியவில்லை. ‘காளிதாஸ்’ படத்தின் ஒரு பிரதிகூட இன்று எங்கும் இல்லை. நாகலாபுரத்துக்காரரின் பாட்டு ஒலித்த அந்தப் படத்தை இனி யாரும் பார்க்கவே முடியாது. நல்ல படம் தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்று நம்பியிருக்கிற ஊர்களுக்கு அது ஒன்றே போதுமான எச்சரிக்கை.

ஆகவே அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும், காரியாபட்டியிலும் நரிக்குடியிலும் இருக்கிற சினிமா ரசிகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் மண்ணைப் பற்றி அடுத்த படம் வந்தால் அது எந்தத் தெருவின் படம் என்று கேட்காமல் முதல் வாரமே டிக்கெட் எடுங்கள். உரிமை வைத்திருப்பவர்களிடம் முறையாக அனுமதி வாங்கி மாதம் ஒரு படம், நூலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ போடுங்கள். ‘கருவேலம்பூக்க’ளில் ஆரம்பியுங்கள். பெட்டி ஒட்டிய அக்காமார்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். உயிரோடு இருக்கிற ஆப்பரேட்டர்களைத் தேடிப் போய் அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். அதுவரை பிடித்த படம் எது என்று யாராவது கேட்டால், பேய்ப் படம் என்றே சொல்லுங்கள். காசு கொடுத்துப் பார்த்தது அதைத்தான்.